பராக்கு: இலண்டனில் கவனம் பறிக்கப்பட்ட வரலாறு

ஈழத்துப் பேச்சுவழக்கில் 'பராக்கு' என்றொரு சொல் உண்டு. 'பராக்குப் பார்க்காமல் படி' என்று பிள்ளைகளை அதட்டுவோம். சோறு தின்ன மறுக்கும் குழந்தைக்கு நிலாவையோ காகத்தையோ காட்டி, அது வாயைத் திறந்து பார்க்கும் நேரம் பார்த்துக் கவளத்தைத் தீத்துவதற்குப் 'பராக்குக் காட்டுதல்' என்று பெயர். இதே சொல் அரசவையில் வேறொரு பொருளில் ஒலித்தது. மன்னன் வருகையில் கட்டியங்காரன் 'பராக்! பராக்!' என்று கூவினால், எல்லோரும் இங்கே கவனியுங்கள் என்பது அதன் பொருள். கவனமின்மைக்கும் கவன ஈர்ப்புக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். யோசித்துப் பார்த்தால் இதில் முரண் ஏதும் இல்லை. ஒருவருடைய கவனத்தை ஓரிடத்துக்கு இழுக்கிறவர், அதை இன்னோரிடத்திலிருந்து பறிக்கவும்தான் செய்கிறார். பராக்குக் காட்டுகிறவரின் கையில் எப்போதும் ஒரு கவளமும் இருக்கிறது.

மனிதக் கவனம் பறிக்கப்படுவதைப் பற்றிப் பேசும்போது நாம் உடனே கைத்தொலைபேசியை நினைக்கிறோம். ஆனால் நான் வாழும் இலண்டன் மாநகரில் இந்தச் சண்டைக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. சட்டங்கள், வழக்குகள், ஆய்வுகள் என்று பதிவுகளும் ஏராளம். அவற்றுள் சிலவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன். இவற்றில் ஒன்று நம்மவர் சம்பந்தப்பட்டது.

பாபேஜும் தெரு வாத்தியமும்

கணினியின் முன்னோடி என்று போற்றப்படும் சார்ல்ஸ் பாபேஜ் (1791-1871) இலண்டன் மேரிலபோன் பகுதியில் டோர்செற் வீதி முதலாம் இலக்க வீட்டில் நெடுங்காலம் வாழ்ந்தவர். அவருடைய பிற்கால வாழ்க்கையின் பெரும்பகுதி ஒரு போரில் கழிந்தது. எதிரிகள், கைப்பிடியைச் சுழற்றி இசைக்கும் வாத்தியப் பெட்டிகளைத் தெருத்தெருவாகக் கொண்டு திரிந்தவர்கள். இவர்களிற் பலர் இத்தாலியிலிருந்து வந்த ஏழைகள். ஹோபர்ன், கிளார்க்கன்வெல் பகுதிகளின் நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள்.

பாபேஜ் 1864இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் தெருத் தொல்லைகளுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். தொல்லை தரும் வாத்தியங்களைப் பட்டியலிட்டார். அவற்றை ஆதரிப்பவர்கள் யார் என்று, மதுக்கடைக்காரர் முதல் வேலைக்காரர், குழந்தைகள் வரை, இன்னொரு பட்டியலும் போட்டார். கடந்த பன்னிரண்டு ஆண்டுகளில் தமது உழைப்பாற்றலில் நாலில் ஒரு பங்கை இந்தத் தொல்லை அழித்துவிட்டது என்று கணக்கும் சொன்னார். கவனச் சிதறலால் வந்த நட்டத்தைப் பின்னக் கணக்கில் எழுதிவைத்தவர்களுள் அவர் ஒரு முன்னோடி எனலாம்.

அவர் தனித்து நிற்கவில்லை. செல்சியில் சேன் றோ என்ற தெருவில் வாழ்ந்த தோமஸ் கார்லைல், 1853இல் தம் வீட்டின் உச்சியில் ஓசை புகாத எழுத்தறை ஒன்றைக் கட்டுவிக்கத் தொடங்கினார். பெருஞ்செலவில் கட்டிய அந்த அறை எதிர்பார்த்த அமைதியைத் தரவில்லை. டார்பி தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரும் பியர் வடிசாலை அதிபருமான மைக்கல் பாஸ் தெரு இசையைக் கட்டுப்படுத்த மசோதா கொண்டுவந்தபோது, சார்ல்ஸ் டிக்கின்ஸ், டெனிசன், கார்லைல் உள்ளிட்ட எழுத்தாளர்களும் ஓவியர்களும் ஆதரவுக் கடிதத்தில் கையொப்பமிட்டனர்.

1864இல் சட்டம் நிறைவேறியது. அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 1839ஆம் ஆண்டின் இலண்டன் பொலிஸ் சட்டப்படியே, வீட்டில் நோயாளி இருந்தாலோ வேறு தகுந்த காரணம் இருந்தாலோ தெருப்பாடகரை அப்பாற் போகச் சொல்லலாம். 1864ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டிலிருப்போரின் வழக்கமான வேலைகளுக்கும் முயற்சிகளுக்கும் இடையூறு ஏற்படுவதையே ஒரு காரணமாக வெளிப்படையாகச் சேர்த்தது. மீறினால் நாற்பது ஷில்லிங் வரை அபராதம் அல்லது மூன்று நாள் வரை சிறை. நோய்வாய்ப்படாத ஒரு மனிதன், 'என் சிந்தனை கலைகிறது' என்ற காரணத்தை மட்டும் சொல்லிச் சட்டத்தின் துணையை நாடும் உரிமை இப்படி எழுத்தில் ஏறியது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். பாபேஜின் அறைக்குள் வந்த ஓசை அவருக்கு நட்டம். வாத்தியக்காரனுக்கோ அது அன்றைய சாப்பாடு. தெருவில் நின்று கேட்ட வேலைக்காரப் பெண்ணுக்கும் சிறுவர்களுக்கும் அது காசில்லாமற் கிடைத்த கச்சேரி. எழுத்தறை வைத்திருந்தவர்களின் கவனத்தைச் சட்டம் காத்தது. எழுத்தறை இல்லாதவர்களின் கவனத்தைப் பற்றி யாரும் மசோதா கொண்டுவரவில்லை. யாருடைய கவனம் பெறுமதியானது என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

இன்னொரு விநோதமும் உண்டு. தெரு வாத்தியப் பெட்டியின் உள்ளே, முளைகள் பதித்த உருளை ஒன்று சுழன்று எந்தக் குழல் எப்போது ஒலிக்கவேண்டும் என்று கட்டளையிடும். பாபேஜ் வடிவமைத்த பகுப்பாய்வு இயந்திரத்திலும் உள் இயக்கங்களை வழிநடத்த முளைகள் பதித்த உருளைகளே வைக்கப்பட்டிருந்தன. அவர் வெறுத்த பெட்டியும் அவர் கனவு கண்ட பெட்டியும் உறவுக்காரப் பெட்டிகள். அவருடைய இரண்டாம் வேறுபாட்டு இயந்திரம், அவர் பிறந்து இருநூறாவது ஆண்டான 1991இல் இலண்டன் விஞ்ஞான அருங்காட்சியகத்தில் கட்டி இயக்கிக் காட்டப்பட்டது. அதன் வம்சாவளியில் வந்த கருவிகள் இன்று நம் சட்டைப்பைக்குள் இருந்து கூவுகின்றன.

கவனம் சரக்கானது

தெரு வாத்தியக்காரன் கவனத்தைப் பறித்தான். ஆனால் அவன் அதை வேறொருவருக்கு விற்கவில்லை. விற்கும் தொழில் பத்திரிகையோடும் விளம்பரத்தோடும் வளர்ந்தது.

பிரித்தானியாவில் ஒவ்வொரு பத்திரிகை விளம்பரத்துக்கும் தனி வரி இருந்தது. அது 1853இல் நீக்கப்பட்டது. பத்திரிகை முத்திரை வரி 1855இலும் காகித வரி 1861இலும் ஒழிந்தன. அறிவின் மீதான வரிகள் என்று பழிக்கப்பட்டவை இவை. அவை நீங்கியதால் மலிவான பத்திரிகைகள் பெருகின, நன்மைதான். கூடவே, விளம்பர வருவாயை நம்பிப் பத்திரிகையை அடக்கவிலைக்கும் குறைவாக விற்கும் வழியும் திறந்தது. 1896 மே 4ஆம் நாள் அல்பிரட் ஹாம்ஸ்வேர்த் இலண்டனில் தொடங்கிய 'டெய்லி மெயில்' அரைப் பென்னிக்கு விற்கப்பட்டது. வாசகன் தன்னைப் பத்திரிகையின் வாடிக்கையாளன் என்று நினைத்தான். பெரிய பணம் தந்த வாடிக்கையாளன் விளம்பரதாரன். வாசகனின் கண்கள்தான் சரக்கு.

தெருவிலும் இதே கதைதான். விளம்பரப் பலகைகளைச் சுமந்து ஊர்ந்த குதிரை வண்டிகள் போக்குவரத்தை மறித்ததால் 1853ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றினால் தடைசெய்யப்பட்டன. கூரைகளுக்கு மேலே வானத்தில் எழுத்துகளை நிறுத்தும் வழக்கத்துக்கு எதிராக 1891இல் தனிச்சட்டம் வந்தது. 1893இல் பொதுவிட விளம்பரங்களின் அத்துமீறலைத் தடுக்க ஒரு சங்கமே தோன்றியது. ஆனாலும் 1908இல் பிக்கடில்லி சதுக்கத்தில் பெரியே குடிநீரின் மின்விளக்கு விளம்பரம் ஒளிர்ந்தது. 2017இல் அதே மூலையில் பழைய பலகைகள் அகற்றப்பட்டு, ஏறத்தாழ 780 சதுர மீட்டர் பரப்பில் ஒற்றைத் திரை வந்தது. கடந்து செல்லும் வாகனங்களின் வகையையும் நிறத்தையும் கண்டறிந்து காட்சியை மாற்றவல்லது என்று அது அறிமுகப்படுத்தப்பட்டது. ஒரு நூற்றாண்டுக் காலம் நாம் விளம்பரத்தைப் பார்த்தோம். இப்போது விளம்பரமும் நம்மைத் திரும்பிப் பார்க்கிறது.

2016 செப்டெம்பரில் சிலர் பொதுமக்களிடம் பணம் திரட்டி, கிளபம் கொமன் சுரங்க ரயில் நிலையத்தின் 68 விளம்பரங்களையும் இரண்டு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்து, அவ்வளவு இடத்திலும் பூனைப் படங்களை மாட்டினார்கள். எதையும் வாங்கச் சொல்லாத சுவர் எப்படியிருக்கும் என்று காட்டுவதே நோக்கம். அந்த அமைதியையும் காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டியிருந்தது.

கவனத்தைப் பிடிப்பவன் கருத்தையும் பிடிக்கலாம் என்பதை அரசுகள் விரைவில் உணர்ந்தன. முதலாம் உலகப்போரின் இறுதியாண்டான 1918இல் பிரித்தானிய அரசு எதிரி நாடுகளில் பிரசாரம் செய்ய ஒரு பணிப்பாளரை நியமித்தது. மேபெயார் பகுதியின் குரூ மாளிகையில் இருந்து இயங்கிய அந்தப் பணிப்பாளர் நோர்த்கிளிவ் பிரபு. அரைப் பென்னிப் பத்திரிகை தொடங்கிய அதே ஹாம்ஸ்வேர்த்தான்.

ஆய்வுகூடம் சொன்னது

கவனம் எப்படி வேலை செய்கிறது என்ற அறிவியல் கேள்வியும் இந்நாட்டில் போரிலிருந்தே வேகம் பெற்றது. ரேடார் திரையைப் பார்த்திருக்கும் விமானப்படையினர் ஏன் அறிகுறிகளைத் தவறவிடுகிறார்கள் என்று கேம்பிரிட்ஜில் நோர்மன் மக்வேர்த் ஆராய்ந்தார். எண்கள் அற்ற கடிகார முகம் ஒன்றில் முள் சீராக நகரும். எப்போதாவது ஒருமுறை இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டு சொல்வதே வேலை. அரை மணி நேரத்திலேயே கண்டுபிடிக்கும் திறன் குறைந்துவிடுகிறது என்பது 1948இல் வெளியான அவருடைய முடிவு. கவனம் தளர்வது சோம்பல் என்ற குணக்கேடு மட்டுமன்று. உடம்பின் இயல்பும் கூட என்பதற்கு இது சான்று.

இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த கொலின் செரி 1953இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் புகழ்பெற்றது. இரு காதுகளிலும் வெவ்வேறு பேச்சை ஒலிக்கவிட்டு, ஒரு காதில் கேட்பதை மட்டும் உடனுக்குடன் திருப்பிச் சொல்லச் சொன்னார். மறுகாதில் ஆண்குரல் பெண்குரலாக மாறினால் கேட்டவர்களுக்குத் தெரிந்தது. ஆனால் அந்தக் காதில் ஆங்கிலம் ஜெர்மனாக மாறியதைக்கூட அவர்கள் அறியவில்லை. 1959இல் நெவில் மோரே இன்னொன்றைக் காட்டினார். கவனிக்காத காதில் சொந்தப் பெயர் ஒலித்தால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது கேட்டுவிடுகிறது. மனம் கதவைச் சாத்தினாலும் நமது பெயருக்கு ஒரு துவாரம் வைத்திருக்கிறது. இன்றைய அறிவிப்புகள் எல்லாம் 'உங்களை ஒருவர் குறிப்பிட்டுள்ளார்' என்று தொடங்குவதன் சூட்சுமம் இதுதான்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நில்லி லாவி 1995 முதல் வளர்த்த கோட்பாடு ஒன்றும் இங்கே பயன்படும். பார்க்கும் காரியம் புலன்களை முழுவதும் நிரப்பினால், புறத்தே உள்ளவை உள்ளே நுழைய இடமில்லை. காரியம் இலகுவானால் மிஞ்சிய இடத்தில் பராக்குகள் தாமாகவே புகுந்துவிடும். சதுரங்கம் விளையாடுகிறவருக்கு நாம் கூப்பிடுவது கேட்காததும், சலிப்பான பாடத்தில் பிள்ளையின் கண் ஜன்னலுக்குப் போவதும் இதனால் விளங்குகின்றன.

பாராளுமன்றச் சதுக்கம், 2009

இப்போது நம்மவர் கதைக்கு வருகிறேன். 2009இன் முதல் மாதங்களில் வன்னியில் பெருந்தொகையான மக்கள் சுருங்கிக்கொண்டே வந்த நிலத்துண்டில் அகப்பட்டிருந்தார்கள். ஐ.நா. தன் சர்வதேச ஊழியர்களை 2008 செப்டெம்பரிலேயே கிளிநொச்சியிலிருந்து வெளியேற்றியிருந்தது. சுயாதீனப் பத்திரிகையாளர் போர்ப்பகுதிக்குள் அனுமதிக்கப்படவில்லை. படம் இல்லாத இடத்தில் செய்தி இல்லை; செய்தி இல்லாத இடத்தில் கவனம் இல்லை. கவனத்தைக் கட்டுப்படுத்த இதைவிட எளிய வழி கிடையாது. பராக்குக் காட்டவும் வேண்டாம், விளக்கை அணைத்தாற் போதும்.

ஏப்ரல் 6ஆம் நாள் தொடங்கி ஜூன் 17 வரை 73 நாட்கள் தமிழர்கள் இலண்டன் பாராளுமன்றத்தின் எதிரே நின்றார்கள். மாணவர், தாய்மார், முதியோர் என்று பலரும் வேலையையும் படிப்பையும் விட்டுவிட்டு வந்து பறையடித்தார்கள், கோஷமிட்டார்கள். ஒருவர் 23 நாட்கள் உண்ணாவிரதம் இருந்தார். வெஸ்ற்மின்ஸ்ரர் பாலத்திலும் வீதியிலும் உட்கார்ந்து போக்குவரத்தை மறித்த நாட்களில்தான் தொலைக்காட்சிக் கமெராக்கள் திரும்பின. மறித்த வீதி செய்தியானது. மறித்ததன் காரணம் அதற்குள் ஒரு வரியாகச் சுருங்கியது. ஏப்ரல் கடைசியில் பன்றிக் காய்ச்சல் வந்தது. மே 8ஆம் நாள் முதல் 'டெய்லி ரெலிகிராப்' பாராளுமன்ற உறுப்பினர்களின் செலவுக் கணக்கு ஊழலை நாளுக்கொன்றாக வெளியிடத் தொடங்கியது. அவை பொய்ச் செய்திகளல்ல, வெளிவரவேண்டிய செய்திகளே. ஆனால் நாட்டின் கவனம் ஒரு பாத்திரம் என்றால் அது மே மாதத்தில் நிரம்பிவிட்டது. போர் முடிந்ததென மே 18இல் அறிவிக்கப்பட்டது. இறுதிக்கட்டத்தில் 40,000 வரையிலான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியது.

இதற்கு ஒரு பின்னிணைப்பும் உண்டு. 2009 அக்டோபரில் 'டெய்லி மெயில்' பத்திரிகை, அந்த உண்ணாவிரதி இரகசியமாக பேர்கர் சாப்பிட்டதைப் பொலிஸார் கருவிகள் மூலம் கண்டறிந்தனர் என்று எழுதியது. 'சன்' பத்திரிகையும் அத்தகைய குற்றச்சாட்டை வெளியிட்டது. அப்படியொரு கண்காணிப்பும் இல்லை, ஒளிப்பதிவும் இல்லை. 2010 ஜூலையில் இரு பத்திரிகைகளும் இலண்டன் உயர்நீதிமன்றத்தில் மன்னிப்புக் கேட்டு, மொத்தம் 77,500 பவுண் நட்டஈடு கொடுத்தன. ஆனால் பேர்கர் கதை எத்தனை பேரை எட்டியது, மன்னிப்பு எத்தனை பேரை எட்டியது என்று எண்ணிப் பாருங்கள். வன்னியில் நடந்தது என்ன என்ற கேள்வியிலிருந்து, ஒரு மனிதன் என்ன தின்றான் என்ற கேள்விக்கு வாசகனின் பார்வை திருப்பப்பட்டது. பராக்குக் காட்டுதலுக்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குத் தெரியாது.

சட்டமும் தன் பங்கைச் செய்தது. 2011ஆம் ஆண்டுச் சட்டம் பாராளுமன்றச் சதுக்கத்தில் அனுமதியின்றி ஒலிபெருக்கிகளை இயக்குவதைத் தடைசெய்தது. 2022ஆம் ஆண்டுச் சட்டம், ஊர்வலத்தின் இரைச்சலைக் காரணமாகக் காட்டியே நிபந்தனை விதிக்கும் அதிகாரத்தைப் பொலிஸாருக்குக் கொடுத்தது. பாபேஜின் வழித்தோன்றல்கள் இவை. அமைதியாகச் சிந்திக்கும் உரிமையைக் காக்கும் சட்டமும், கேட்க விரும்பாததைக் கேட்காமல் இருக்க உதவும் சட்டமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன.

சட்டைப்பைக்குள் வாத்தியப் பெட்டி

கைத்தொலைபேசியைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது, சுருக்கமாகவே சொல்கிறேன். வாத்தியக்காரனைத் தெருவை விட்டு அனுப்ப முடிந்தது, பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் இருந்தது. முடிவில்லாமல் உருளும் திரைக்கு இரண்டுமே இல்லை. எப்போது நல்லது கிடைக்கும் என்று தெரியாமல் இழுத்து இழுத்துப் பார்க்கும் சூதாட்டப் பொறியின் தன்மை அதில் இருக்கிறது.

நம்மவர் பலர் வாழும் ஹரோ பகுதியைச் சேர்ந்த 14 வயதுச் சிறுமி ஒருத்தி 2017இல் உயிரிழந்தாள். அவளது மரண விசாரணை 2022 செப்டெம்பர் 30இல் வடக்கு இலண்டன் மரண விசாரணை மன்றில் முடிந்தது. இறப்பதற்கு முந்திய ஆறு மாதத்தில் இன்ஸ்ரகிராமில் அவள் சேமித்த, விரும்பிய அல்லது பகிர்ந்த ஏறத்தாழ 16,300 பதிவுகளில் 2,100 மனச்சோர்வு, தற்காயம், தற்கொலை தொடர்பானவை என்று அங்கே சொல்லப்பட்டது. அவற்றுட் சில அவள் கேளாமலே கணிப்புநிரலால் தேர்ந்து ஊட்டப்பட்டவை என்றும், இணைய உள்ளடக்கம் அவளது மரணத்துக்குச் சிறிதளவுக்கு மேலாகவே பங்களித்தது என்றும் விசாரணை அதிகாரி முடிவு செய்தார். பராக்குக் காட்டும் தாயின் கையில் இருப்பது சோறு. இங்கே கவளத்தில் என்ன இருக்கிறது என்று ஊட்டிய இயந்திரத்துக்கே தெரியாது.

இதன் பின் 2023இல் இணையப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. சிறுவர் தொடர்பான கடப்பாடுகள் 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன்பே, 2021 செப்டெம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்த சிறுவர் தரவு விதிக்கோவையை ஒட்டி, யூடியூப் 18 வயதுக்குட்பட்டோருக்குத் தானே அடுத்த படத்தை ஓட்டும் வசதியை இயல்பாக நிறுத்திவைத்தது. ரிக்ரொக் பதின்ம வயதினருக்கு இரவில் அறிவிப்பு அனுப்புவதை நிறுத்தியது. சின்ன மாற்றங்கள்தாம். ஆனால் பறிப்பது ஒரு வடிவமைப்பு என்றால் அதை மாற்றியும் வடிவமைக்கலாம் என்பதற்கு இவை சான்று.

அவதானம்

தமிழில் இதற்கு எதிர்ச்சொல்லும் இருக்கிறது. அட்டாவதானம், தசாவதானம், சதாவதானம் என்று ஒரே வேளையில் எட்டு, பத்து, நூறு காரியங்களில் மனம் செலுத்தும் கலை நம்மிடையே வாழ்ந்தது. யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை சதாவதானி என்று பெயர் பெற்றவர். இடலாக்குடியைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் (1874-1950) 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டினார். முதுகில் விழும் கற்களை எண்ணவேண்டும், மணியோசையைக் கணக்கிடவேண்டும், கேட்ட ஈற்றடிக்கு வெண்பா பாடவேண்டும், கணக்கும் போடவேண்டும். தெலுங்கு அவதான மரபில், சம்பந்தமில்லாத பேச்சைப் பேசி அவதானியைக் குழப்புவதற்கென்றே ஒருவர் சபையில் அமர்த்தப்படுவார். பராக்கே அங்கு ஒரு பதவி!

அக்கலையை நாம் எல்லோரும் பயிலவேண்டும் என்று சொல்லவரவில்லை. அது பல்லாண்டுப் பயிற்சி வேண்டும் அரிய திறன். நான் கவனிப்பது அதன் ஒழுங்கை. கல் எறிபவர் யார் என்று அவதானிக்குத் தெரியும். அவர் சம்மதித்தே சபையில் அமர்ந்தார். சோதனைக்கு ஒரு தொடக்கமும் முடிவும் உண்டு. குழப்ப வந்தவரும் வெளிப்படையாகவே குழப்புகிறார். இந்த நான்கும் இருந்தால் கவனத்தின் மீதான தாக்குதல் விளையாட்டாகும், கல்வியும் ஆகும். இந்த நான்கும் இல்லாதபோது அது பறிப்பு.

கவனத்தைக் காப்பது என்பது காதைப் பொத்திக்கொள்வதன்று. காதைப் பொத்திய நகரத்தின் நடுவே 73 நாட்கள் நின்றவர்களுக்கு இது தெரியும். தெருவில் பறையடிப்பவரைப் பார்த்து நாம் எரிச்சல்படும் நாளில் அவர் எதைச் சொல்ல வந்தார் என்று ஒரு நிமிடம் கேட்கலாம். கைக்குள் இருந்து நம் பெயர் சொல்லிக் கூப்பிடும் கருவியிடம், கூப்பிடுவது யார், எனக்கு ஊட்டப்போவது என்ன என்றும் கேட்கலாம். ஈழத்தில் வெட்டிப்போட்ட வீதியோரங்களில் 'அவதானம்' என்று பலகை வைப்பார்கள். அதைப் படித்தவர்கள் நடப்பதை நிறுத்துவதில்லை; பள்ளம் எங்கே என்று பார்த்து நடப்பார்கள்.